5 டன் ஃபோர் வீல் லொறிக்கு எந்த டயர்?

கேள்வி (பண்டாரவளை):
அண்ணமாரே, பழைய இசுசு எல்ஃப் ஃபோர் வீல் (நான்கு பக்கச் சக்கரமும் இழுக்கும்) லொறி ஒன்றில் படுக்கை, தண்ணீர் டாங்கி, அடுப்பு எல்லாம் வைத்துப் பயண வண்டியாக்கிவிட்டேன். எல்லாம் ஏற்றினால் 5 டன் வரும் என்று நினைக்கிறேன். ஓஹியாவிலிருந்து உடவேரிய தோட்டம் வழியாகக் களுபஹனவுக்கு இறங்க வேண்டும், அப்புறம் மீமுரே மலைக் கிராமத்துக்கும் போக வேண்டும். பின்னால் இப்போது பக்கத்துக்கு இரட்டை டயர், அளவு 7.50-16. போன மாதம் தோட்டத்து ரோட்டில் இரண்டு டயருக்கும் நடுவில் தேங்காய் அளவு கல் ஒன்று சிக்கி, கம்பியால் நெம்பி எடுக்க ஒரு மணி நேரம் போனது. இரட்டையைக் கழற்றிவிட்டுப் பெரிய மட் டயரை (சேற்றுக்கான டயர்) ஒற்றையாகப் போடலாமா?

பதில் 1 (ஹட்டன்):
தம்பி, நினைக்கிறேன் என்பது போதாது. தண்ணீரை நிரப்பி, ஆட்களையும் ஏற்றி வே பிரிட்ஜுக்குக் கொண்டுபோய், முன் அக்சில் தனியாக, பின் அக்சில் தனியாக நிறுத்துப் பாருங்கள். பின்னால் 3,200 கிலோ வந்தால், ஒற்றை டயர் ஒன்றின் மேல் 1,600 கிலோ உட்காரும். டயரின் பக்கத்தில் பாரம் தாங்கும் எண் 122/118 என்று இருந்தால் முதல் எண் ஒற்றைக்கு, இரண்டாவது இரட்டைக்கு. 122 என்றால் 1,500 கிலோதான், அது பத்தாது. 124 சரியாக 1,600, மிச்சமே இல்லை. 126 என்றால் 1,700, அதற்குக் கீழே இறங்காதீர்கள். ரிம்மும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும், இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஒற்றையால் நல்லதும் இருக்கிறது. முன் சக்கரம் போட்ட தடத்திலேயே பின் சக்கரமும் வரும், சேற்றை இரண்டு தடவை உழ வேண்டியதில்லை, கல்லும் சிக்காது. ஆனால் பாரத்துக்கு ஏற்ற டயரும் ரிம்மும் கிடைக்காவிட்டால் இரட்டையையே வைத்திருங்கள். கல்லை இறங்கி எடுத்துவிடலாம். வளைவில் டயர் வெடித்தால் என்ன செய்வீர்கள்?

பதில் 2 (ஹப்புத்தளை):
அண்ணன் சொன்ன கணக்குத்தான் முதல் வேலை. பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டை, எப்படி என்று கேட்டால், நான் மட் டயர் வேண்டாம் என்பேன். நம்ம பக்கம் நூறு கிலோமீட்டர் ஓடினால் எண்பது நனைந்த தார் ரோடும் கொண்டை ஊசி வளைவும்தான். பெரிய கட்டைப் பட்டன் டயரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, மழையில் பிரேக் போட்டால் வழுக்கும். தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி. மாதிரிப் பட்டன் போதும். உடவேரிய பக்கம் சேற்றை விடக் கூர்க்கல்தான் எதிரி, எனக்கு அங்கே போனது டயரின் பக்கச் சுவர், சைட் வோல்தான், விரல் நீளத்துக்குக் கிழிந்து உள்ளே நூல் தெரிந்தது. அதை ஒட்ட முடியாது. அதனால் சைட் வோல் தடித்ததாகப் பாருங்கள். கல் ரோட்டில் காற்றைக் கொஞ்சம் இறக்கலாம், ஆனால் இந்தப் பாரத்தில் அதிகம் இறக்கினால் டயர் பிதுங்கிக் கல்லுக்கு வயிற்றைக் காட்டும். தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடித்துவிடுங்கள், கையில் கொம்ப்ரசர் இல்லாமல் போகாதீர்கள்.

அப்புறம், டயர் வாங்கும்போது பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடையில் கிடந்து பழசானதைப் புதுசு என்று கொடுப்பார்கள். முன்னுக்கு ரீபில்ட் டயர் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது) போடவே வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி அண்ணமாரே. நிறுத்துவிட்டேன்: முன் 1,980, பின் 3,340. பக்கத்துக்கு 1,670 வருகிறது, 126க்குள் நிற்கிறது ஆனால் ஒட்டி நிற்கிறது. 200 லீட்டர் டாங்கி பின் அக்சிலுக்கும் பின்னால் இருக்கிறது, முதலில் அதைக் கெபினுக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டு மறுபடி நிறுத்துப் பார்க்கிறேன். டயர் அதற்குப் பிறகுதான்.