21 ராணிகள்: நிரல் எத்தனை நாள் ஓடும் என்று முன்கூட்டியே கணிப்பது எப்படி?

விடைதேடி:
சதுரங்கப் பலகையில் ஒன்றையொன்று வெட்டாதபடி ராணிகளை வைக்கும் எல்லா வழிகளையும் எண்ணும் நிரல் எழுதியிருக்கிறேன் (15 ராணிகளுக்கு 15×15 பலகை, 21க்கு 21×21 பலகை). செயலியின் ஒரே கோரில் (core) 15 ராணிகளுக்கு 20 விநாடி, 16க்கு 2 நிமிடம் 15 விநாடி, 17க்குப் பதினைந்தரை நிமிடம். ஏழேழு மடங்காகப் பெருக்கிப் பார்த்தால் 21க்கு 26 நாள் வருகிறது. விடை 314666222712 என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனாலும் என் நிரலே அந்த எண்ணைத் தரவேண்டும் என்று ஆசை. இந்த 26 நாளை நம்பலாமா?

மடக்கை:
நம்பாதீர்கள். அந்த ஏழும் வளர்கிறது. 16க்கு 14772512 விடைகள், 17க்கு 95815104, அதாவது 6.49 மடங்கு. அடுத்து 18 முதல் 21 வரை 6.95, 7.46, 7.86, 8.06. கடைசி நான்கையும் பெருக்கினால் ஏறத்தாழ 3280. பதினைந்தரை நிமிடம் 35 நாளாகிவிட்டது! இன்னொன்றும் உண்டு: விடைகள் 6.49 மடங்கானபோது உங்கள் நேரம் 6.9 மடங்காகியிருக்கிறது. வழி அடைபட்டுத் திரும்பும் வேலை விடைகளைவிட வேகமாகப் பெருகுகிறது. அதையும் சேர்த்தால் 45 நாள் என்பேன்.

கிளைமரம்:
விடைகளின் எண்ணிக்கை தெரிந்த புதிர் என்பதால் மடக்கைக்கு இது முடிந்தது. தெரியாத புதிருக்கு என்ன செய்வது? கணினி அறிஞர் டொனால்டு நூத் 1975இல் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு வரிசையிலும் வெட்டுப்படாத கட்டங்களை எண்ணுங்கள். அவற்றில் ஒன்றைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தேர்ந்து கீழே இறங்குங்கள். அந்த எண்ணிக்கைகளைப் பெருக்கிக்கொண்டே போய், படிக்குப் படி கிடைக்கும் பெருக்குத்தொகைகளைக் கூட்டினால், தேடல் மரத்தின் மொத்தக் கணுக்களுக்கு, அதாவது நிரல் ராணிகளை வைத்துப் பார்க்கும் மொத்த நிலைகளுக்கு, ஒரு மதிப்பீடு கிடைக்கும். ஒருமுறை இறங்கிப் பார்த்தால் கண்டபடி வரும். பல்லாயிரம் முறை இறங்கிச் சராசரி எடுங்கள். விநாடிக்கு எத்தனை கணு என்பதை 17இலேயே அளந்துவிடலாம்.

பழைய நிரலர்:
ஓட்டப்போகிறவருக்கு என் யோசனை: முதல் இரண்டு வரிசைகளின் ராணிகளை நிலைநிறுத்தி வேலையைத் துண்டாக்குங்கள். 21க்கு 380 துண்டுகள். இடவலச் சமச்சீரை (ஒரு விடையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பினால் அதுவும் ஒரு விடை) நிரல் இன்னும் பயன்படுத்தவில்லை என்றால் 190 போதும், நேரமும் பாதியாகும். வரிசைப்படி ஓட்டாமல் கலைத்துப்போட்டு ஓட்டுங்கள். ஓரத்தில் தொடங்கும் துண்டும் நடுவில் தொடங்கும் துண்டும் ஒரே நேரம் எடுக்காது. முதல் 20 துண்டுகளின் சராசரியை 190ஆல் பெருக்கினால் கணிப்பு தயார், அதற்குள் உண்மையான வேலையிலும் ஒரு பகுதி முடிந்திருக்கும். ஒவ்வொரு துண்டின் விடையையும் உடனே கோப்பில் எழுதுங்கள். மின்சாரம் போனாலும் நடந்துகொண்டிருந்த துண்டு மட்டுமே வீண். எல்லாக் கோர்களிலும் ஓட்டுவதாக இருந்தால், அவை அனைத்தும் சூடேறி ஓடும்போதே நேரத்தை அளவிடுங்கள்.