முதியோர் மன்றத்தின் கதை: ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்

தொகுப்பவர்:

மன்றத்தின் வரலாற்றைத் தொகுக்கும் பொறுப்பைச் செயற்குழு என்னிடம் கொடுத்திருக்கிறது. முதல் வேலையாக மினிட் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். தலைவர் யார், செயலாளர் யார், எந்தத் தீர்மானத்தை யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் இத்தனை பேர் ஏன் இங்கே வர ஆரம்பித்தார்கள் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. 'முதியோரின் நலனும் மனமகிழ்ச்சியும்' என்று முதல் பக்கத்தில் நோக்கம் எழுதியிருக்கிறார்கள். அது எந்த மன்றத்துக்கும் பொருந்தும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இங்கே யாரைச் சந்தித்தீர்கள், என்ன நடந்தது, ஆளுக்கு ஒன்று எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

தொடக்க கால உறுப்பினர்களில் இன்று நம்மோடு இருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களில் மூத்தவரைப் பார்க்கப் போனேன். காது மந்தமாகிவிட்டது, ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது. மன்றத்தை எதற்காகத் தொடங்கினீர்கள் ஐயா என்று கேட்டேன். "பேசுறதுக்கு" என்றார். அவ்வளவுதானா என்று பார்த்தேன். அப்புறம் விவரமாகச் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாலைந்து பேர் தினமும் நூலகத்துக்குப் போவார்களாம். செய்தித்தாளைப் படித்து முடித்ததும் அதைப் பற்றிப் பேசத் தோன்றும். பேசினால் நூலகர் உதட்டில் விரல் வைப்பார். வெளியே வந்து படியில் நின்று பேசுவார்கள். மழை வந்தால் அதுவும் போச்சு. "படிக்க இடம் இருந்துச்சு தம்பி, படிச்சதைப் பேச இடம் இல்ல. அதுக்குத்தான் ஒரு அறை கேட்டோம்."

வரலாற்றின் முதல் வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மூத்த உறுப்பினர், முன்னாள் பொருளாளர்:

சரி, நான் பெண்கள் வந்த கதையைச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் அது விட்டுப்போகும். மினிட் புத்தகத்தில் 'மகளிரும் உறுப்பினராகலாம்' என்று ஒரே தீர்மானமாக இருக்கும். அது நிறைவேறிய பிறகும் வெகுநாள் ஒரு பெண்ணும் வரவில்லை என்பது அதில் இருக்காது.

நானும் என் தோழியும்தான் முதலில் போனோம். யாரும் முகம் சுளிக்கவில்லை, மரியாதையாகத்தான் வரவேற்றார்கள். ஆனால் எங்களுக்கென்று இரண்டு நாற்காலிகளைச் சுவர் ஓரமாகப் போட்டிருந்தார்கள். மேசையைச் சுற்றி அவர்கள் இருந்தார்கள், ஓரமாக நாங்கள் இருந்தோம். கொஞ்ச நாள் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒருவர் தன் மாத்திரை அட்டையைத் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, எழுத்துத் தெரியாமல் தவித்தார். என் தோழியின் கைப்பையில் உருப்பெருக்கிக் கண்ணாடி எப்போதும் இருக்கும். எழுந்துபோய்ப் படித்துச் சொன்னாள். அதைப் பார்த்துவிட்டு அடுத்தவர் தன் அட்டையை நீட்டினார். அதற்கு அடுத்தவர் வங்கியிலிருந்து வந்த கடிதத்தை எடுத்தார். அன்றைக்கு அவள் நாற்காலி மேசைக்கு வந்தது, கூடவே என்னுடையதும் வந்தது. பிறகு அவை சுவருக்குத் திரும்பவே இல்லை.

அந்தக் கண்ணாடியை மன்றத்துக்கே கொடுத்துவிட்டாள். யாராவது மறந்து எடுத்துப் போய்விடுவார்கள் என்று சணல் கயிற்றால் மேசைக் காலில் கட்டி வைத்தோம். கயிறு எத்தனையோ முறை மாறிவிட்டது, கண்ணாடி அதேதான். தோழி இப்போது இல்லை. அவள் எந்தப் பதவியும் வகிக்கவில்லை, அதனால் பழைய ஆண்டு மலர் எதிலும் அவள் பெயர் வராது. இந்த வரலாற்றில் கட்டாயம் வர வேண்டும்.

சாவி வைத்திருந்தவரின் மகன்:

நான் இன்னும் உறுப்பினராகும் வயதை எட்டவில்லை, ஆனால் சொல்ல ஒன்று இருக்கிறது. மன்றத்தின் சாவி நெடுங்காலம் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. அடைமழை நாளிலும் அப்பா குடையோடு கிளம்புவார். இன்றைக்கு யார் வரப்போகிறார்கள் என்று கேட்டால், யாராவது ஒருத்தர் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போகக் கூடாது என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

இன்னொரு வழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். வருகைப் பதிவேட்டில் ஒருவர் கையெழுத்து அடுத்தடுத்து இரண்டு நாள் விடுபட்டால், மூன்றாம் நாள் யாராவது அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒருமுறை அப்படிப் போனபோது ஒரு பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலை ஊன்ற முடியாமல் கிடந்திருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில். அப்பாவும் இன்னொருவரும்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர் குணமாகித் திரும்பி வந்து பல ஆண்டுகள் மன்றத்துக்கு வந்தார். இப்படி ஒரு விதி இருப்பதாக எந்தத் தீர்மானத்திலும் இல்லை. அந்தப் பதிவேடுகளைப் பழைய காகிதம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்:

நூலகக் கதையைப் படித்ததும் எனக்கு நியூயார்க் ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் முதல் முதியோர் மையம் என்று சொல்லப்படும் வில்லியம் ஹாட்சன் மையம் 1943இல் அந்நகரின் பிராங்க்ஸ் பகுதியில் திறக்கப்பட்டது. அங்கே உதவி கேட்டு நலத்துறை அலுவலகத்துக்கு வந்த முதியவர்கள், வந்த வேலை முடிந்த பிறகும் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பணத்தைவிடத் துணைதான் அவர்களுக்கு அவசரத் தேவை என்று அங்கிருந்த ஊழியர்கள் கவனித்ததில் பிறந்தது அந்த மையம். அங்கே அலுவலக வாசல், இங்கே நூலகப் படி. நியூயார்க் மையத்துக்கு முந்தைய ஆண்டு, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, லண்டன் ஸ்ட்ரெத்தமில் மகளிர் தன்னார்வ அமைப்பு ஒன்று முதல் 'டார்பி அண்ட் ஜோன்' கிளப்பைத் தொடங்கியது. டார்பியும் ஜோனும் பழைய ஆங்கிலப் பாடலில் வரும் வயதான தம்பதி.

ஆனால் நம் வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்று நான் நினைப்பது நகரத்துக் கதை இல்லை, ஒரு கிராமத்துக் கதை. ஜப்பானில் ஹியோகோ மாகாணத்தில் நோமதானி என்றொரு சிறு கிராமம். 1947 செப்டம்பர் 15 அன்று அந்த ஊர்த் தலைவர், 55 வயது தாண்டியவர்களை எல்லாம் அழைத்துவந்து விழா எடுத்தார். வயல் வேலை ஓய்ந்த, வெயிலும் குளிரும் வாட்டாத சமயம் என்பதால்தான் செப்டம்பர் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். முதியவர்களின் அனுபவ அறிவைக் கொண்டு ஊரை நடத்த வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த வழக்கம் மாகாணம் முழுவதும் பரவி, பிறகு நாடெங்கும் பரவி, 1966இல் முதியோரைப் போற்றும் நாளாகத் தேசிய விடுமுறையே ஆனது. 2003 முதல் செப்டம்பர் மூன்றாம் திங்கட்கிழமை கொண்டாடுகிறார்கள். ஐநா சபை அக்டோபர் 1ஐ உலக முதியோர் நாளாக அறிவித்தது 1990இல்தான். ஒரு கிராமம் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்திக்கொண்டது.

வயது வரம்பைப் பற்றியும் ஒன்று. நம் விதியில் 60. அவர்கள் 55 வைத்தார்கள். அறுபது நிறையாத ஒருவர் மனைவியை இழந்து தனியாக நம் வாசலில் வந்து நின்றபோது, விதியைக் காட்டித் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று அன்றைய தலைவர் சொன்னார். 'விருந்தினர்' என்று எழுதி உள்ளே விட்டோம். வயது நிறையும்வரை அவர் விருந்தினராகவே தினமும் வந்தார்!

புதிய உறுப்பினர்:

உங்கள் எல்லோரையும்விடக் குறைந்த காலம்தான் எனக்கு. 2020இல் பெருந்தொற்று வந்து மன்றத்தைப் பூட்டிய பிறகுதான் எனக்கு இந்த மன்றமே அறிமுகமானது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்திருந்தோம், வெளியே போக முடியாது, யாரையும் தெரியாது. ஒருநாள் தொலைபேசியில் ஒரு குரல், "நான் மன்றத்துல இருந்து பேசுறேன், சாப்பிட்டீங்களா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

அப்போது ஒரு பேச்சுச் சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் ஒருவர் அடுத்தவரை அழைப்பார், அவர் அதற்கடுத்தவரை அழைப்பார். கடைசி ஆள் முதல் ஆளை அழைத்து 'வந்துவிட்டது' என்று சொன்னால் எல்லோரும் நலம் என்று அர்த்தம். என்னையும் அதில் கோர்த்துவிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அவருடைய மூட்டுவலி, பேத்தியின் படிப்பு, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் எல்லாம் தெரியும். கதவைத் திறந்த பிறகு நேரில் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். திறப்பதற்குள் அவர் போய்விட்டார். தொற்றால் இல்லை, இதயக் கோளாறு. ஒருநாள் சங்கிலி அவரிடம் வந்து நின்றது, அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பூட்டியிருந்த அந்தக் காலத்தை 'மன்றம் செயல்படவில்லை' என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து அது நாள் தவறாமல் செயல்பட்டது.

தொகுப்பவர்:

எழுதியவர்களுக்கு நன்றி. உருப்பெருக்கி, சாவி, பதிவேடு, சங்கிலி எல்லாம் உள்ளே வருகிறது. 'செயல்படவில்லை' என்ற வரியை எடுத்துவிட்டேன். பதிவேடுகள் என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. சில தாள்களைச் செல் அரித்திருக்கிறது. வரிவரியாகப் படித்துப் பிரதி எடுக்க இன்னும் இரண்டு பேர் வந்தால் வேலை சீக்கிரம் முடியும், பார்வை நன்றாக இருப்பவர்கள் முன்வாருங்கள்.

இன்னொரு உதவி. முதல் குழுப் படத்தின் பின்பக்கம் பென்சிலில் பெயர்கள் எழுதியிருக்கின்றன, ஆனால் படத்தில் இருக்கும் தலைகளைவிட ஒரு பெயர் குறைகிறது. கடைசி வரிசையில் இடது ஓரம், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் சுருட்டிய செய்தித்தாள். மூத்தவரிடம் காட்டினேன். நூலகப் படியில் நின்றவர்களில் ஒருவர் என்பது வரை சொன்னார், பெயர் வரவில்லை. படத்தைப் பெரிதாக்கி மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அழைத்துவந்து காட்டுங்கள். பெயர் தெரிந்ததும் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.