"நம் சனத்துக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது" என்கிறார்களே, உண்மையா?

லயத்துப் பெண், சுங்கை சிப்புட், மலேசியா

பட்டணத்துக்கு வெளியே ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். மாலையில் பதினொரு பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்ய என் வீட்டுக்கு வருவார்கள். எல்லாருமே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்.

அவர்களில் ஒருவன் மூன்றாம் ஆண்டு மாணவன். கணக்கில் கெட்டிக்காரன். கீழே சாலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவன் பென்சில் நின்றுவிடும். அவனுடைய அப்பா ஓட்டும் மோட்டாரில் சைலன்சர் உடைந்திருக்கிறது. அந்தச் சத்தம்தான் என்று தெரிந்துவிட்டால் புத்தகம், அளவுகோல், அழிப்பான் என்று ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்குவான். அவசரப்பட மாட்டான். பிறகு வீட்டுக்குப் போய்த் தன் இரண்டு வயதுத் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மறுபடியும் அம்மாவிடம் திரும்பிப் போவான். ஒன்பது வயது.

போன வாரம் பள்ளியில் ஓர் ஆசிரியரிடம், அவன் வீட்டில் நடக்கும் அடிதடியைச் சொன்னேன். அவரும் தமிழர்தான். "இந்திய வீடுகளில் இதெல்லாம் சகஜம், நம் சனத்துக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது" என்றார். பையன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது இனத்தால் வருவதா, ஏழ்மையால் வருவதா? அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளை வைத்து நிறைய ஆராய்ந்திருக்கிறார்களாமே. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவனுக்கு நான் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ஈப்போ தாதி

தங்கச்சி, குழந்தைகள் வார்டில் 22 வருடம் வேலை செய்தவள் நான். அந்த ஆசிரியர் சொன்னது தவறு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1995 முதல் 1997 வரை அமெரிக்காவின் சான் டியாகோவில் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம், சிறுவயதில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அடி, குடி, அம்மா அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் ஒருவர் சிறைக்குப் போனது போன்ற கேள்விகள். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், படித்தவர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். அவர்களிலேயே மூன்றில் இரண்டு பேர் ஒன்றாவது நடந்தது என்றார்கள். எட்டில் ஒருவருக்கு நான்கோ அதற்கு மேலோ. இது எந்த இனத்தின் ரத்தம்?

2016இல் அமெரிக்கா முழுவதும் பெற்றோரிடம் எடுத்த கணக்கெடுப்பில், இப்படி ஓர் அனுபவமாவது உள்ள பிள்ளைகள் கறுப்பினத்தில் நூற்றுக்கு 61, லத்தீன் அமெரிக்க வழியினரில் 51, வெள்ளையரில் 40, ஆசியரில் 23. அந்த ஆசியர்களில் இந்தியர்களும் அடக்கம். அவர்களில் பலர் மருத்துவராகவும் பொறியாளராகவும் போனவர்களின் பிள்ளைகள். நம் பிள்ளைகள் கூலிக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். ரத்தம்தான் காரணம் என்றால் அந்த எண் ஏன் மிகக் குறைவாக இருக்கிறது? அதே கணக்கெடுப்பின் முந்தைய சுற்றை ஆராய்ந்தபோது, இனங்களுக்கு இடையே உள்ள இடைவெளியைவிட ஏழைக்கும் வசதியானவருக்கும் இடையே உள்ள இடைவெளி பெரிதாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. "இனத்தின் காரணமாக உங்கள் பிள்ளை தாழ்வாக நடத்தப்பட்டதுண்டா" என்பதும் அந்தக் கணக்கெடுப்பின் கேள்விகளில் ஒன்று. அதையும் ஒரு காயமாகவே எண்ணுகிறார்கள். ஆசிரியர் அன்று சொன்ன வார்த்தை அவன் கணக்கில் இன்னொன்றைக் கூட்டிவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது: 15999, தாலியான் காசே என்னும் அரசாங்க உதவித் தொலைபேசி. எந்த நேரமும் அழைக்கலாம், யாரும் அழைக்கலாம். அம்மாவுக்கு உடனடி ஆபத்து என்றால் சமூக நல இலாகா அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும். 2017இல் குடும்ப வன்முறைச் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது அது. இரண்டு மணி நேரத்துக்குள் கொடுப்பார்கள், ஏழு நாள் செல்லும். நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

டிரெஸர் மகன்

என் அப்பா தோட்டத்து டிரெஸர், காயத்துக்கு மருந்து போடுபவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் பெண்கள் வந்து நிற்பார்கள். "வழுக்கி விழுந்துவிட்டேன் ஐயா" என்பார்கள். அப்பா அயோடின் போட்டுக்கொண்டே, "எந்தப் பக்கம் விழுந்தாய்?" என்று கேட்பார். பதில் வராது. ஆகவே தோட்டத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் குறைவு, கள்ளுக்கடை மட்டும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில். அந்தக் கடையை அங்கே வைத்தவர்கள் தொழிலாளர்கள் அல்லர்.

ஆனால் லயத்தில் பலகைச் சுவர். ஒரு வீட்டில் கை ஓங்கினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். யாராவது ஒரு கிழவி கதவைத் தட்டுவாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, கோயில், பள்ளி எல்லாம் கூப்பிடும் தூரத்தில் இருந்தன. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பலர் வேலை இழந்தார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களில் வேலை அனுமதி கிடைக்காதவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள், குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. 1980களிலிருந்து வீடமைப்புக்கும் நகரங்களுக்கும் தோட்டம் தோட்டமாகப் போயின. வேலை போனால் வீடும் போகும், அதுதான் தோட்டத்து விதி. வேலை, வீடு, கோயில், கொட்டகை எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கிழவி இன்று நான்காம் மாடியில் இரும்புக் கதவுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எதுவும் கேட்பதில்லை.

இதையெல்லாம் அறியாமல் ரத்தம் என்று சொல்வது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

பெயர் வேண்டாம்

அக்கா, நான் வசதியான வீட்டுப் பிள்ளை. என் அப்பா சமூகத்தில் பெரிய மனிதர். எங்கள் வீட்டில் மரப்படிக்கட்டு, பதினான்கு படி. அவர் ஏறும்போது எண்ணுவேன். ஒன்பதாவது படியில் கால் தடுக்கினால் அன்று குடித்திருக்கிறார் என்று பொருள். உங்கள் மாணவன் மோட்டாரைக் கேட்கிறான் என்று படித்தவுடன் கை நடுங்கிவிட்டது.

எங்களைப் பற்றி யாரும் "இந்திய வீடு, சகஜம்" என்று சொன்னதில்லை. அம்மாவின் கை முறிந்தபோது தனியார் மருத்துவமனை, தனி அறை, கேள்வி இல்லை. நிலைமை மோசமானபோது அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பினாங்கில் ஒரு விடுதியில் இரண்டு வாரம் தங்கினார். அதற்குப் பணம் இருந்தது. அப்பாவின் கையைப் பணம் தடுக்கவில்லை, ஆனால் தப்பிப்பதற்கு ஓர் இடம் கொடுத்தது. அந்தப் பையனுக்கு அந்த இடம் உங்கள் வீடாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்த நேரத்திலும் வரலாம் என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தானாகக் கேட்க மாட்டான். நான் கேட்டதில்லை.

லயத்துப் பெண்

எல்லாருக்கும் நன்றி. நேற்று அவனிடம் சொன்னேன். "ராத்திரியிலும் வரலாமா?" என்று கேட்டான். வரலாம் என்றேன். "பாப்பாவும்?" என்றான்.

அவன் அம்மாவிடம் 15999 எண்ணை எழுதிக் கொடுத்தேன். தாளை நான்காக மடித்து அரிசித் தகரத்துக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரே பயம்: வீடு கணவர் பெயரில் இருக்கிறதாம், புகார் கொடுத்தால் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டி வருமா என்று கேட்கிறார். ஈப்போ அக்கா, உங்களுக்குத் தெரியுமா?

ஈப்போ தாதி

வராது. பாதுகாப்பு ஆணை கொடுக்கும்போது, வீடு யார் பெயரில் இருந்தாலும் அடிப்பவரை வீட்டுக்குள் வராமல் தடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு முதலில் காவல் நிலையத்தில் புகார் வேண்டும். தனியாக அனுப்பாதே தங்கச்சி, நீ கூடப் போ. திங்கட்கிழமை எனக்கு ஓய்வு, ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவேன். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்.