தூக்கத்தில் கால் உதறலுக்கு வலிப்பு மருந்து: எடுத்துக்கொள்ளலாமா?

செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 58. அவர் தூங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கால்கள் தாமாக வெட்டி இழுக்கின்றன. முதலில் பெருவிரல் மேல்நோக்கி நிமிர்கிறது, அடுத்துக் கணுக்கால் மடங்குகிறது, சில சமயம் முழங்காலும் சேர்ந்து உதறிக்கொள்கிறது; அரை நிமிடம் போல அடங்கிக் கிடந்துவிட்டு மறுபடியும் அதே அசைவு. காலையில் கேட்டால் அவருக்கு எதுவுமே நினைவில்லை. மதிய உணவுக்குப் பிறகு வேன் ஓட்டும்போது கண் சொருகுகிறது என்று அவரே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனோம். அங்கிருந்து மருத்துவமனையின் தூக்க மருத்துவப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

இரவு முழுவதும் செய்த தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 30 முறைக்கு மேல் கால் அசைவுகள் பதிவாகியிருந்தன. தூக்கத்தில் லேசான மூச்சுத் தடையும் இருக்கிறது என்றார்கள். காபாபென்டின் என்ற மாத்திரையை இரவில் மட்டும் குறைந்த அளவில் தொடங்கிப் பார்க்கலாம், வீட்டில் கலந்து பேசிவிட்டு அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள் என்று மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைத் தேடினால், வலிப்பு நோய்க்கான மருந்து என்று வருகிறது. அதைக் கேட்டதிலிருந்து என் மாமியார் கலங்கிப்போய், மகனுக்கு வலிப்பு இருப்பதை நாங்கள் மறைப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வலிப்பே இல்லாத ஒருவர் இந்த மருந்தை எடுத்துக்கொள்ளலாமா? அவருக்கு நீண்ட காலமாக நீரிழிவு உண்டு. சென்ற ஆண்டு சிறுநீரகச் செயல்பாடும் சற்றுக் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். இவற்றோடு வேன் ஓட்டும் வேலையும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பிடோக் பெரியவர் எழுதியது:

அம்மா, நான் மருத்துவன் அல்லன். இதே மாத்திரையைச் சில ஆண்டுகளாக எடுத்து வருபவன். எனக்கு இருப்பது உங்கள் கணவருடைய தொந்தரவுக்கு உறவு, ஆனால் அதே நோய் அன்று. படுத்தவுடன் இரண்டு கால்களுக்குள்ளும் ஏதோ ஊர்வது போலவும் இழுப்பது போலவும் இருக்கும்; எழுந்து கூடத்தில் நடந்தால்தான் அடங்கும். இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று பெயர் சொன்னார்கள். தூக்கத்தில் கால் உதறுவதும் எனக்கு உண்டு என்று என் மனைவி சொல்வார்.

எனக்கு முதலில் கொடுத்தது பிராமிபெக்சோல் என்ற மருந்து. பார்க்கின்சன் நோய்க்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் அது அருமையாக வேலை செய்தது என்பதை மறுக்க மாட்டேன். போகப் போக, இரவில் வந்த தொந்தரவு மாலையிலேயே வரத் தொடங்கி, பிறகு மதியத்துக்கே வந்துவிட்டது. கால்களோடு நில்லாமல் கைகளுக்கும் ஏறியது. அளவைக் கூட்டினால் சில வாரங்கள் அடங்கும், பிறகு முன்னைவிட மோசமாகும். மருந்தே நோயை வளர்க்கும் இந்த நிலை அந்த வகை மருந்துகளில் நன்கு அறியப்பட்டது என்று பின்னர் என்னைப் பார்த்த மருத்துவர் சொல்லி, அதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, காபாபென்டினுக்கு மாற்றினார். மாறிய அந்த வாரங்கள் மிகவும் கடினமாக இருந்தன. இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன். முதலில் தலைசுற்றல் இருந்தது. இரவில் கழிப்பறைக்கு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். கணுக்கால் இன்னமும் மாலையில் லேசாக வீங்குகிறது. இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் அனுபவம். உங்கள் மாமியாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். எனக்கும் வலிப்பு இல்லை.

ஜூரோங் மருந்தாளர் எழுதியது:

பெரியவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஒரு மருந்து முதலில் எந்த நோய்க்கு அனுமதி பெற்றதோ அந்த வகைப்பெயர் அதனோடு ஒட்டிக்கொள்கிறது. காபாபென்டின் அமெரிக்காவில் 1993இல் வலிப்புக்கான துணை மருந்தாக அனுமதி பெற்றது. அக்கிக்குப் பிறகு நீடிக்கும் நரம்பு வலிக்கு 2002இல் பெற்றது. இன்று இங்கே சிங்கப்பூரில் எங்களிடம் இந்த மருந்தை வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் நரம்பு வலிக்காரர்கள். நரம்பு முனைகளிலுள்ள கால்சியம் வாயில்களின் ஒரு பகுதியில் இது ஒட்டிக்கொண்டு, அளவுக்கு மீறிக் கிளர்ந்த நரம்புகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூண்டுதலைக் குறைக்கிறது. வலிப்பு இல்லாதவருக்கு இது வலிப்பை வரவழைத்துவிடாது. ஆனால் தொடர்ந்து எடுத்து வந்தவர் எவராயினும் திடீரென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது வேறு ஒன்று. பெரியவருக்கு இருக்கும் நோய்க்கும் உங்கள் கணவருக்கு இருப்பதற்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம், சான்று ஒன்றன்று. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2025இல் வெளியிட்ட வழிகாட்டி, ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் உள்ள வயது வந்தவர்களுக்கு காபாபென்டினையும் அதன் இனத்து மருந்தான பிரீகாபாலினையும் வலுவாகப் பரிந்துரைக்கிறது. பிராமிபெக்சோல், அதே வகையைச் சேர்ந்த ரோபினிரோல் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. விழித்திருக்கும்போது எந்த உணர்வும் இல்லாமல் தூக்கத்தில் மட்டும் கால் உதறுபவர்களைப் பற்றிய ஆய்வுகளோ மிகக் குறைவு. அவர்களுக்கு காபாபென்டின் கொடுப்பது பெரும்பாலும் ரெஸ்ட்லெஸ் லெக்ஸில் கண்ட பலனை வைத்துத்தான். அதே வழிகாட்டி, வெறும் கால் உதறலுக்கு வால்ப்ரோயிக் அமிலம் வேண்டாம் என்கிறது. அதுவும் வலிப்பு மருந்துதான். ஆகவே வலிப்பு மருந்து என்ற பெயரைக் கேட்டு அஞ்சவும் வேண்டாம், அந்த வகையில் ஒன்று நல்லது என்றால் எல்லாம் நல்லது என்று எண்ணவும் வேண்டாம். அந்தந்த மருந்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

மாத்திரையைத் தொடங்குமுன் இரும்புச்சத்து பார்க்கப்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். இரத்தச்சோகை இல்லாதவர்களுக்கும் மூளைக்குப் போதிய இரும்பு கிடைக்காமல் கால் தொந்தரவு வரலாம். பொதுப் பரிசோதனையில் இயல்பு என்று அச்சாகி வரும் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) அளவு இந்த நோய்க்குப் போதாமல் இருக்கலாம்: ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் உள்ள வயது வந்தவருக்கு அது லிட்டருக்கு 75 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால், அல்லது இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினில் இரும்பு நிறைந்திருக்கும் அளவு 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால், இரும்பு கொடுக்கலாம் என்பது அதே வழிகாட்டியின் கருத்து. உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்ப்பது நல்லது. காலையில் இரத்தம் எடுப்பதும், முந்தைய நாள் இரும்பு மாத்திரையைத் தவிர்ப்பதும் முறை. பரிசோதிக்காமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்கள் நம் ஊரில் பலர் இருக்கிறார்கள். சிலருக்கு இரும்பு கூடிப்போவதும் ஆபத்து.

அவர் எடுக்கும் மற்ற மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் கொடுக்கும் சிறிய மஞ்சள் மாத்திரையான குளோர்ஃபெனிரமைன், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, மனச்சோர்வுக்கான பல மருந்துகள் ஆகியவை கால் தொந்தரவைக் கூட்டக்கூடியவை. மாலைக் கோப்பியையும் மதுவையும் விட்டுப் பார்ப்பது செலவில்லாத முயற்சி.

சிறுநீரகம் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. காபாபென்டின் உடலில் சிதைவதில்லை. அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமானால் மருந்து தேங்கும். மயக்கமும் தள்ளாட்டமும் வரும். ஆகவே அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவை வைத்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும்.

இரவுப்பணித் தாதி எழுதியது:

நான் ஒரு தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அறிக்கையில் வரும் எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பையொட்டிய முன்தசையில் சிறு மின்முனைகளை ஒட்டி அசைவைப் பதிவு செய்கிறோம். அரை நொடி முதல் 10 நொடி வரை நீடித்து, 5 முதல் 90 நொடி இடைவெளியில் குறைந்தது நான்கு முறை தொடர்ந்து வந்தால்தான் அதை வரிசையாக எண்ணுவோம். வயது வந்தவர்களுக்கு மணிக்கு 15க்கு மேல் போனால் அதிகம் என்பது வழக்கு. ஆனால் வயதானவர்களில் பலருக்கு இந்த எண் மிகுதியாக வருகிறது; அவர்களில் பலர் எந்தக் குறையும் இல்லாமல் தூங்கி எழுகிறார்கள். எண்ணுக்கு மருந்து கொடுப்பதில்லை. அந்த அசைவுகளில் எத்தனை மூளையைத் தட்டி எழுப்பின என்பதையும், பகல் களைப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்பதையும் மருத்துவர் சேர்த்துப் பார்ப்பார்.

அக்கா, உங்கள் கணவருக்கு மூச்சுத் தடையும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சு நின்று மீண்டும் திரும்பும் நேரத்தில் உடம்பு விதிர்த்துக் கால் உதறுவது உண்டு. எண்ணும்போது அவற்றைத் தனியாகக் கழித்துவிடுவோம் என்றாலும், பகல் தூக்கம் எதனால் வருகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மூச்சுத் தடையை முதலில் சரிசெய்துவிட்டுக் கால்களைப் பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

செங்காங்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவருடைய கடிதத்தை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன், முகம் தெளிந்தது. சென்ற ஆண்டின் பரிசோதனைத் தாள்களை எடுத்துப் பார்த்தேன்; அவற்றில் ஃபெரிட்டின் இல்லை. கேட்பேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள் மீதம் இருக்கின்றன. அவர் நெஞ்செரிச்சலுக்கு அடிக்கடி வெள்ளை நிறக் குழம்பு மருந்து குடிப்பார், இதனோடு சேருமா? மாத்திரை தொடங்கிய மறுநாள் காலை வேன் எடுக்கலாமா?

ஜூரோங் மருந்தாளர் எழுதியது:

அந்தக் குழம்பில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்குமானால், காபாபென்டின் உடலில் ஏறுவதை அது ஓரளவு தடுக்கும். குழம்பைக் குடித்து இரண்டு மணி நேரமாவது கழிந்த பிறகு மாத்திரையை எடுக்கச் சொல்லுங்கள்.

வேன் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். முதல் மாத்திரையை மறுநாள் வேலை இல்லாத ஓர் இரவில் தொடங்கட்டும். காலையில் தலை பாரமாக இருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா என்று நீங்களும் கூட இருந்து பாருங்கள். அளவு கூட்டப்படும் ஒவ்வொரு முறையும் இதே எச்சரிக்கை வேண்டும். தாம் ஓட்டுநர் என்பதை அவரே மருத்துவரிடம் சொல்லட்டும். மருந்தே தொடங்காத இப்போதும் மதியத்தில் கண் சொருகுகிறது என்றால், அந்த நேரத்து ஓட்டத்தை வேறொருவருக்கு மாற்றித் தருமாறு முதலாளியிடம் இன்றே கேட்பது நல்லது.

மூச்சுத் தடை உள்ளவர் என்பதால் மேலும் ஒன்று. ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளோடும் தூக்க மருந்துகளோடும் சேரும்போதும், ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும், காபாபென்டின் மூச்சை ஆபத்தான அளவுக்கு மந்தப்படுத்தக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது. முதுகுவலிக்கோ பல்வலிக்கோ வேறொரு மருந்தகத்தில் ஓபியாய்டு வகையைச் சேர்ந்த டிராமடால் எழுதிக் கொடுத்தால், இந்த மாத்திரையை எடுப்பதை அங்கே முதலில் சொல்லுங்கள். தொடங்கிய பிறகு அவருடைய மனநிலையில் வழக்கத்துக்கு மாறான சோர்வையோ எரிச்சலையோ கண்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள்.