தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு எப்படித் தூங்கினீர்கள்?

வணக்கம். மாடிப்படியில் சறுக்கியபோது கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியதில் வலது தோள்பட்டைத் தசைநார் எலும்பிலிருந்து முழுசாகப் பிய்ந்துவிட்டது. எலும்பில் ஆங்கர் (தையல் நூலைப் பிடித்துக்கொள்ளும் சிறு ஆணி) வைத்துத் தைத்து இன்றோடு 3 வாரம். 6 வாரம் ஸ்லிங் (கையைத் தாங்கும் கழுத்துப் பட்டை). அதுவரை கையைத் தானாகத் தூக்கவே கூடாது, பளுவெல்லாம் 3 மாதத்துக்கு அப்புறம்தான் என்றார் டாக்டர். தைத்த இடம் எலும்போடு ஒட்ட அவ்வளவு நாள் ஆகுமாம். சரி, பொறுத்துக்கொள்ளலாம்.

இரவுதான் பெரும்பாடு. மல்லாந்து படுத்தால் முழங்கை பின்னால் சரிந்து, தோள் விண்ணென்று தெறிக்கிறது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, முழங்கைக்கு அடியில் துண்டை மடித்து வைத்தால் 2 மணி நேரம் ஓடும். துண்டு நழுவியதும் விழிப்பு. இதைத் தாண்டி வந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

இன்னொன்று: குனிந்து கையை ஊசல்போல் ஆட்டும் பயிற்சியில் 'கடக்' என்று சத்தம் கேட்கிறது, வலி இல்லை. உங்களுக்கும் வந்ததா? அடுத்த செக்கப்பில் டாக்டரிடமும் கேட்பேன்.

(இடது கையால் தட்டியது, பிழை பொறுக்கவும்.)