கரண்ட் போன 12 நிமிஷத்துல நெட்டும் போயிடுது, இன்வெர்ட்டர் இருந்தும் ஏன்?

இ-சேவை அக்கா (கேள்வி)

வணக்கம். எங்க கிராமத்துல இ-சேவை மையம் நடத்துறேன். பைபர் கனெக்ஷன் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் கொடுத்தது. மோடம், கம்ப்யூட்டர், பிரிண்டர் மூணுமே இன்வெர்ட்டர்லதான் ஓடுது. ஆனாலும் கரண்ட் போனா கொஞ்ச நேரத்துல மோடத்துல எல்ஓஎஸ் லைட் (பைபர்ல சிக்னல் வரலைன்னு காட்டுற லைட்) சிவப்பா மின்ன ஆரம்பிச்சிடுது. கரண்ட் வந்து அஞ்சாறு நிமிஷத்துல தானா சரியாகுது. ஆபரேட்டர்கிட்ட கேட்டா, "மோடம் பழசாயிடுச்சு, மாத்துங்க"ன்றார்.

நேத்து ஒரு பாட்டி முதல் பஸ்ஸுக்கே வந்துட்டாங்க, வாரிசுச் சான்றிதழுக்காக. ஓடிபியை அவங்க பேத்தி போன்ல படிச்சுச் சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். நாலு எண் அடிச்சிருப்பேன், லைட் சிவப்பாயிடுச்சு. மதியம் வரைக்கும் திண்ணையிலயே உட்கார்ந்திருந்துட்டுத் திரும்பிப் போனாங்க. அவங்க முகத்தைப் பார்க்க முடியல எனக்கு. மோடம் மாத்தினா சரியாகுமா?

வயலோரம்

மோடத்தை ரீசெட் பண்ணிப் பாருங்க அக்கா. எங்க வீட்ல எலி கடிச்சு இப்படித்தான் ஆச்சு, வயரையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

பைபர் ஒட்டுறவன்

அக்கா, தயவுசெஞ்சு ரீசெட் பண்ணாதீங்க. உள்ள இருக்கிற யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சா இன்னும் ரெண்டு நாள் போயிடும். எலி கடிச்ச வயரும் கரண்ட் வந்ததும் தானா ஒட்டிக்காது. மூணு விஷயம் சொல்லுங்க. கரண்ட் போன உடனே சிவப்பாகுதா, கொஞ்சம் கழிச்சா? அதே ஆபரேட்டர்கிட்ட வாங்கின வேற வீட்லயும் அதே நேரத்துல போகுதா? உங்க தெருவுல மட்டும் பீஸ் போன நாள்ல நெட் இருந்துச்சா?

இ-சேவை அக்கா

தம்பி, கணக்கு வெச்சுப் பார்த்தேன். 12 நிமிஷம் கழிச்சுத்தான் போகுது. பொங்கல் சமயத்துல முக்கால் மணி நேரம் தாங்கும், அப்புறம் குறைஞ்சுக்கிட்டே வருது. மூணு தெரு தள்ளி இருக்கிற டீச்சர் வீட்லயும் அதே நிமிஷத்துல போகுதாம். போன வாரம் எங்க டிரான்ஸ்பார்மர்ல மட்டும் பீஸ் போச்சு, ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல, ஆனா நெட் போகவே இல்ல.

பைபர் ஒட்டுறவன்

அப்போ உங்க மோடத்து மேல குத்தமே இல்ல, காசைச் செலவு பண்ணாதீங்க. ஆபரேட்டர் ரூம்ல ஓஎல்டின்னு ஒரு பெட்டி இருக்கும், அங்கிருந்துதான் வெளிச்சம் கிளம்பி உங்க வீட்டுக்கு வருது. நடுவுல கம்பத்துல இருக்கிற ஸ்பிளிட்டர், அதாவது வெளிச்சத்தைப் பல வீட்டுக்குப் பிரிச்சு விடுறது, வெறும் கண்ணாடிதான், அதுக்குக் கரண்டே வேணாம். உங்க டிரான்ஸ்பார்மர் மட்டும் போனப்போ அந்த ரூம்ல கரண்ட் இருந்திருக்கும், அதான் நெட் போகல. அதனால தப்பு அந்த ரூம்ல, அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருக்கிற யூபிஎஸ் பேட்டரியில. சின்ன யூபிஎஸ்ல 12 வோல்ட் 7 ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேர்த்து வைக்கும்ங்கிற அளவு) பேட்டரிதான் இருக்கும். பொங்கலப்போ முக்கால் மணி நேரம் தாங்கினது இப்ப 12 நிமிஷத்துக்கு வந்திருக்குன்னா பேட்டரி செத்துக்கிட்டிருக்கு. அதை மாத்தறதோட விடாம 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் இன்வெர்ட்டரும் போடச் சொல்லுங்க, நாள் முழுக்கத் தாங்கும்.

ஓய்வுபெற்ற டெலிபோன்காரர்

அம்மா, தம்பி சொன்னது முழுக்க சரி. தொலைபேசி நிலையத்துல 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். செம்புக் கம்பி காலத்துல ஊரே இருட்டா கிடந்தாலும் போன் அடிக்கும். நிலையத்துல 24 பேட்டரி செல், ஆளுக்கு 2 வோல்ட், மொத்தம் 48 வோல்ட், அந்த மின்சாரம் கம்பி வழியாவே உங்க வீட்டுக்கு வந்துடும். காலைல ஹைட்ரோமீட்டரை (பேட்டரி அமிலத்தோட அடர்த்தியைக் காட்டுற கருவி) பைலட் செல்லுக்குள்ள, அதாவது மாதிரிக்குப் பார்க்கிற ஒரு செல்லுக்குள்ள விட்டு, மிதவை எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பார்த்து ரிஜிஸ்டர்ல எழுதின பிறகுதான் மத்த வேலை. பைபர்ல போறது வெளிச்சம் மட்டும். ரெண்டு முனையிலயும் தனித்தனியா மின்சாரம் வேணும், அந்த முனைப் பெட்டியைக் காப்பாத்துறது யார்ங்கிறதுதான் இப்ப நாதியில்லாமக் கிடக்கு.

2011 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட தேசிய ஆப்டிகல் பைபர் திட்டம்தான் பிறகு பாரத்நெட் ஆச்சு. சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளை பைபரால இணைக்கிறது இலக்கு. 2023 ஆகஸ்டுல சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்குத் திருத்தின திட்டத்துல வளைய அமைப்பு வந்திருக்கு, ஜேசிபி ஒரு பக்கம் அறுத்தா மறுபக்கமா சிக்னல் சுத்தி வரும். நல்ல மாற்றம், மனசார வரவேற்கிறேன். ஆனா வளையம் போய்ச் சேர்ற பெட்டிக்கே மின்சாரம் இல்லன்னா ரெண்டு பக்கமும் வந்து என்ன? இத்தனை கிலோமீட்டர் பதிச்சோம், இத்தனை ஊராட்சி இணைச்சோம்னு கணக்கு வருது. போன மாசம் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு ஊராட்சி அலுவலக வாசல்ல எழுதிப் போடச் சொல்லணும். பிராட்பேண்டுன்னா குறைஞ்சது 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகம்னு 2023 ஜனவரியில வரையறை வெச்சாங்க. வேகம் எவ்வளவு இருந்தாலும் பாட்டி வந்த நேரத்துல ஓடலைன்னா அந்தம்மாவுக்கு நெட் இல்லதானே.

இ-சேவை அக்கா

ஐயா, தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. டீச்சரும் நானும் நேர்ல போய்ப் பார்த்தோம். மேஜைக்கு அடியில யூபிஎஸ், மேல நோட்டுப் புத்தகம் அடுக்கியிருந்துச்சு. ஆபரேட்டர் அண்ணன் திறந்து பார்த்தார், பேட்டரி பக்கவாட்டுல உப்பியிருந்தது. அவரே கொஞ்சம் ஆடிப்போயிட்டார். பத்து நாள்ல டியூபுலர் பேட்டரி போட்டுட்டார்.

நேத்து மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் நிறுத்தினாங்க. ஒரு மணி வரைக்கும் அசையவே இல்ல. பாட்டியோட விண்ணப்பமும் ஏறிடுச்சு. ஆனா 1.10க்கு மறுபடி 20 நிமிஷம் நின்னுச்சு. இந்தத் தடவை எல்ஓஎஸ் எரியல, பான் லைட் (ஆபரேட்டர் பெட்டியோட இணைப்பு இருக்குன்னு காட்டுறது) பச்சையாவே இருந்துச்சு, இன்டர்நெட் லைட் மட்டும் சிவப்பு.

பைபர் ஒட்டுறவன்

அப்படின்னா ஆபரேட்டர் ரூம் வரைக்கும் லைன் சரி. அதுக்கு மேல, அவருக்கு நெட் கொடுக்கிற கம்பெனி பக்கம் போயிருக்கு. போன்ல சொல்லிட்டு விட்டுடாதீங்க அக்கா. கம்பெனி புகார் மையத்துல பதிவு பண்ணி டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண் கேட்டு வாங்குங்க. திருப்தியா பதில் வரலைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. தேதி, நேரம், எந்த லைட் எரிஞ்சுது, இது மூணும் எழுதி வெச்சிருங்க.

இ-சேவை அக்கா

பதிவு பண்ணிட்டேன் தம்பி, நம்பர் வந்துடுச்சு. பழைய வரவு செலவு நோட்டுல கடைசிப் பக்கத்தை இதுக்குன்னே ஒதுக்கியிருக்கேன்.