நம்ம ஆளு, அடுத்தவன் சட்டையில

பெரம்பூர் நீலம்:

இதை எழுதுறது 2026 ஜனவரியில. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து பிப்ரவரி 14 ஆரம்பம்னு விளையாட்டு மந்திரி வாயால வந்தாச்சு. அட்டவணை மட்டும் இன்னும் கைக்கு வரலை. ஜூலையிலேர்ந்து இதே கதைதான். லீகை நடத்துற கம்பெனிக்கும் இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ல முடியுது, புதுசு போடலை, அதனால சீசனை நிறுத்தி வைக்கிறோம்னாங்க. நடுவுல டெண்டர் விட்டாங்க. ஒருத்தரும் கேக்க வரலை. வெளிநாட்டு ஆட்டக்காரங்க பாதிப் பேர் பெட்டியைக் கட்டினதுக்கு அப்புறம் இப்போ நடத்தப் போறாங்களாம்: 14 அணி, ஒரே சுற்று, மொத்தம் 91 ஆட்டம்.

ஒரே சுற்றுங்கிறதுதான் எனக்கு உறுத்துது. ஒவ்வொரு அணியோடயும் ஒரே தடவை. நம்ம சென்னையின் எஃப்.சி.யோட ஆட மோகன் பகான் பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு வரலாம், இல்லாட்டி நாம கொல்கத்தா போகணும். ரெண்டுல ஒண்ணுதான். மத்தவங்க அட்டவணை வந்ததும் கேரளா மேட்ச் எந்தத் தேதின்னு தேடுவாங்க. நான் தேடுறது வேற. நம்மகிட்டேர்ந்து போனவன் எந்தத் தேதியில அடுத்தவன் சட்டை போட்டுக்கிட்டு நேரு ஸ்டேடியத்துக்கு வர்றான்? அதுதான்.

அனிருத் தாபாவால வந்த வியாதி இது. 2016ல சின்னப் பையனா வந்து, நம்ம கண்ணு முன்னாடி வளர்ந்து, கேப்டன் ஆனவன். 2022ல அவன் பேரை, THAPAன்னு, முதுகுல அடிச்சு ஒரு ஜெர்சி வாங்கினேன். பேர் அடிக்கத் தனிக் காசு, அதுக்கு வீட்டுல ஒரு பாட்டு. அடுத்த ஜூன்ல மோகன் பகான் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கோபத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, மேல பேப்பரை வச்சு அயர்ன் பாக்ஸ் போட்டு எழுத்தை உரிக்க ஆரம்பிச்சேன். முதல் ரெண்டு ஆங்கில எழுத்து சுருண்டுக்கிட்டு வந்துச்சு. மூணாவதுகிட்ட துணி பொசுங்குற வாசனை, நிறுத்திட்டேன். பையன் அப்போ யூகேஜி, எதைப் பார்த்தாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசு. மிச்சம் இருந்த மூணு எழுத்தைப் படிச்சுட்டு ஓடி வந்து சொல்றான், "அப்பா, உன் சட்டையில அப்பான்னு போட்டிருக்கு."

அந்தச் சட்டையோடதான் 2023 அக்டோபர் 7 மேட்சுக்குப் போனேன். 3-1 தோத்தோம். அதுகூடப் பரவாயில்லை. எதிரணி லிஸ்ட்ல அவன் பேரைப் படிச்சப்ப கை தட்டுறதா ஊளை விடுறதான்னு தெரியலை, வாயில பாதி சமோசாவோட நின்னுட்டு இருந்தேன். பக்கத்துல இருந்தவர் என் முதுகைப் பார்த்துட்டு ஒண்ணும் கேக்கலை.

உங்க கதையைச் சொல்லுங்க. யாரு, எந்த மேட்ச், நீங்க என்ன பண்ணீங்க?

வியாசர்பாடி பழசு:

தம்பி, தாபாவுக்கே இப்படின்னா வால்ஸ்கிஸுக்கு நான் என்ன சொல்றது?

2019-20ல அந்த லிதுவேனியாக்காரன் 15 கோல் போட்டான், அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கினான். டிசம்பர்ல அடிமட்டத்துல கிடந்த டீமைப் புது கோச் ஓவன் கோய்ல் வந்து தூக்கி, ஃபைனல் வரைக்கும் கொண்டு போனாரு. சீசன் முடிஞ்சுது, கோய்ல் ஜம்ஷெட்பூர் போனாரு, பின்னாடியே வால்ஸ்கிஸும் போனான். அது போகட்டும். அட்டவணை வந்தா, முதல் மேட்சே யாரோட? ஜம்ஷெட்பூரோட. 2020 நவம்பர் 24. கொரோனா வருஷம், எல்லா ஆட்டமும் கோவாவுல, உள்ள ஒரு ஈ காக்கா கிடையாது. வீட்டுல டிவி முன்னாடி உட்கார்ந்தா முதல் நிமிஷத்துலயே தாபா கோல்! நான் போட்ட சத்தத்துல கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்துட்டாரு. அவரும் உட்கார்ந்தாரு, பெனால்ட்டில நமக்கு ரெண்டாவது. அப்புறம் முதல் பாதியிலேயே ஒரு கிராஸ், தலையால முட்டி உள்ள தள்ளினது யாருன்னு நினைக்கிறீங்க. போன வருஷம் அதே தலைக்கு நான் சாமி கும்பிட்டிருக்கேன்.

2-1 ஜெயிச்சோம். ஆனா அன்னிக்கு ராத்திரி அந்த ஹெட்டர்தான் கண்ணுல ஓடிச்சு. அன்னிக்கு நமக்காக அடிச்ச தாபாவும் பின்னாடி போவான்னு அப்போ யாரு கண்டா.

கதை அதோட முடியலை. 2022 ஜனவரியில வால்ஸ்கிஸ் நம்மகிட்டயே திரும்பி வந்தான். தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தேன். மார்ச் மாசம் பாத்தா, அவன் பாதியில விட்டுட்டு வந்த ஜம்ஷெட்பூர் லீக் சுற்றுல முதலிடம் பிடிச்சு ஷீல்டு வாங்குது. நாம எட்டாவது இடம். பாவம், பஸ் கிளம்புற நேரத்துல இறங்கினவன் மாதிரி ஆயிட்டான்.

இன்னொண்ணு, இது புலம்பல்தான், மன்னிச்சுக்குங்க. 2022-23ல லீக்லயே சிறந்த ஆட்டக்காரன் சாங்டே, மும்பை. சிறந்த கீப்பர் விஷால் கெய்த், மோகன் பகான். ரெண்டு பேரும் நம்ம வீட்டுச் சோறு தின்னவங்க. வளர்த்து அனுப்புறதுக்கு ஒரு கோப்பை இருந்தா வருஷா வருஷம் நமக்குத்தான். போனவன் மேல தப்பு சொல்லலை. கான்ட்ராக்ட் முடிய ஆறு மாசம் இருக்கும்போதே அவன் வேற கிளப்போட கையெழுத்துப் போடலாம், அது உலகத்துக்கே பொதுவான விதி. அந்த ஆறு மாசத்துக்கு முன்னாடி நீட்டிப்புக் காகிதத்தை நீட்டாதவனைத்தான் கேக்கணும். நம்ம ஊர்ல முக்காவாசி டிரான்ஸ்ஃபர் காசே இல்லாம நடக்குறதுக்கு இதுதான் காரணம். தாபாவுக்காச்சும் பணம் கை மாறிச்சு.

மஞ்சச் சட்டை, வடபழனி:

அடிக்காதீங்க, நான் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன். பாலக்காட்டுத் தமிழன், சென்னையில பத்து வருஷமா வேலை. நீலக்கார நண்பர்களோட ஸ்டாண்டுல ஒரு தடவை மஞ்ச ஜெர்சியோட உட்காரப் போய், அதைத் திருப்பி உள்பக்கம் வெளியில தெரியற மாதிரி போட்டுக்கிட்டு முழு ஆட்டமும் பார்த்தேன். கழுத்துக்குப் பின்னாடி லேபிள் குத்திக்கிட்டே இருந்துச்சு. நாங்க கோல் போட்டப்ப எழுந்திருக்காம உட்கார்ந்திருக்கிறதுதான் உலகத்துலயே கஷ்டமான வேலை.

2020 பிப்ரவரி 1 உங்களுக்கு மறந்திருக்காது. கொச்சியில நீங்க ஆறு, நாங்க மூணு. அந்த மூணையும் அடிச்சது ஒக்பெச்சே ஒருத்தர்தான். ஹாட்ரிக் அடிச்சவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறதை அன்னிக்குத்தான் பார்த்தேன். கிரிவெல்லாரோ ரெண்டு, வால்ஸ்கிஸ் ரெண்டு, சாங்டே ரெண்டுன்னு நீங்க பங்கு போட்டுச் சாப்பிட்டீங்க.

அந்த சீசனோட ஒக்பெச்சே மும்பை போனார், அங்கேர்ந்து ஹைதராபாத். 2022 மார்ச் 20, கோவாவுல ஃபடோர்டா மைதானம், ஃபைனல். ரெண்டு வருஷம் பூட்டின மைதானத்துக்கு அப்புறம் ஜனம் உள்ள வந்த ஆட்டம். ரெண்டு பஸ் மாறி நான் போயிருந்தேன். எதிர்ல யாரு? ஹைதராபாத். அந்த வருஷம் 18 கோல் போட்ட ஒக்பெச்சே அவங்க பக்கம். இன்னும் கேளுங்க, அவங்களும் மஞ்ச. அட்டவணைப்படி அவங்கதான் ஹோம் டீம், அதனால நாங்க கறுப்புச் சட்டை. கேலரி பூரா எங்க மஞ்ச, மைதானத்துல மஞ்ச போட்டு ஓடுறது எதிராளி. பக்கத்துல இருந்த பெரியவர் முதல் பத்து நிமிஷம் ஹைதராபாத்துக்கே கை தட்டிக்கிட்டு இருந்தார். நான் தோளைத் தொட்டுச் சொன்னேன். "அது தெரியும் மோனே, கை கேக்க மாட்டேங்குது"ன்னார்.

எங்க ராகுல் கோல் போட்டதும் கோப்பை வந்துடுச்சுன்னு வீட்டுக்கு போன் பண்ணிட்டேன். 88-வது நிமிஷம் சமன். பெனால்ட்டியில அவங்க கீப்பர் கட்டிமணி மூணைத் தடுத்தார்.

பெரம்பூர் நீலம்:

கட்டிமணியா? அண்ணே, அதே கட்டிமணிதான் 2015 ஃபைனல்ல கோவா கீப்பர். அதே ஃபடோர்டா மைதானம். 87-வது நிமிஷத்துல கோவா 2-1 முன்னாடி. 90-வது நிமிஷம் அவர் கையில பட்டு சொந்த கோல், அடுத்தாப்ல நம்ம மெண்டோசா, 3-2, கோப்பை நமக்கு. அன்னிக்கு நாங்க அவருக்கு நன்றி சொன்னோம். ஆறு வருஷம் கழிச்சு அதே மண்ணுல கணக்கைத் தீர்த்திருக்கார், ஆனா உங்க தலையில.

மஞ்சச் சட்டை, வடபழனி:

இது எனக்கு இத்தனை நாள் உறைக்கவே இல்லை. இன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு, நன்றி.

தூத்தூர் கடக்கரை:

உங்களுக்கெல்லாம் கிளப்பு விட்டுப் போனவன். எங்களுக்கு ஊரை விட்டுப் போனவன்.

எங்க பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கடற்கரையில, பையன் நடக்கப் படிக்கும்போதே பந்து படிச்சிருவான். மணல்ல ஓடிப் பழகின காலு, புல்லுல விட்டா நிக்காது. இரவிபுத்தன்துறை சூசைராஜ் அப்படி வந்தவன்தான். சென்னை சிட்டியில ஆடி, ஜம்ஷெட்பூர் போய், 2019-20ல ஏடிகே. அந்த வருஷ ஃபைனல் ஏடிகேக்கும் சென்னையினுக்கும். 2020 மார்ச் 14.

இப்போ சொல்லுங்க, நாங்க எந்தப் பக்கம் நிக்கணும்? சென்னை நம்ம தலைநகரம், டீம் பேரே சென்னை. ஏடிகே கொல்கத்தாக்காரன். ஆனா இடது பக்கம் மேலயும் கீழயும் ஓடுறது நம்ம ஊர்ப் பையன். ஒரு மச்சான் வீட்டு முத்தத்துல டிவியை வெளியில எடுத்து வச்சிருந்தோம். எங்க மாமா, போட்டுல பாதி வாழ்க்கை போனவர், வந்து உட்கார்ந்து ஒரே வார்த்தையில முடிச்சார்: "பந்து அவன் கால்ல இருக்கும்போ ஏடிகே. மத்த நேரம் சென்னை."

அப்படியேதான் பார்த்தோம். சென்னை தாக்கும்போ கூச்சல், சூசைராஜ் பந்தைப் பறிச்சா அதுக்கும் கூச்சல். பக்கத்து வீட்டு ஆச்சி யாரு ஜெயிக்கிறான்னு மூணு தடவை கேட்டாள், மூணு தடவையும் வேற வேற பதில். ஹாவி எர்னாண்டஸ் ரெண்டு, எடு கார்சியா ஒண்ணு, 3-1. வால்ஸ்கிஸ் ஒண்ணு அடிச்சான் நமக்கு. கொரோனாவுக்குப் பயந்து மைதானத்துல ஆளே விடலை, கோப்பையைத் தூக்கும்போ கேக்கறது அவனுக சத்தம் மட்டும்தான். எங்க முத்தத்துல அதைவிடச் சத்தம். பத்து நாள் கழிச்சு நாடே பூட்டியாச்சு.

அடுத்த சீசன் முதல் ஆட்டம், கால் மணி நேரம்கூட ஆகலை, முட்டி போச்சு அவனுக்கு. அதுக்குப் பிறகு அந்த முத்தத்துல டிவி வெளிய வரலை.

கோயம்புத்தூர் சிங்காநல்லூர்:

நம்மளுது சின்னக் கதைங்க.

2019 மார்ச் 9, நேரு ஸ்டேடியம், கோவை. எங்க சென்னை சிட்டி ஜெயிச்சா, ஐஎஸ்எல் இல்லாத இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக் கோப்பை, இல்லீன்னா ஈஸ்ட் பெங்கால் தட்டிட்டுப் போயிருவாங்க. அவிங்க அதே நேரத்துல கோழிக்கோட்டுல ஆடிட்டு இருக்காங்க. இங்க ஆரம்பத்துலயே எதிரணி மினர்வா ஒண்ணு போட்டுருச்சு. ஸ்டாண்டுல பாதிப் பேரு செல்போன்ல கோழிக்கோட்டைப் பாக்கறாங்க, பாதிப் பேரு மைதானத்தை. ரெண்டாவது பாதியில நம்ம மன்சி பெனால்ட்டி, அப்புறம் கவுரவ் போரா ரெண்டு. 3-1. ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்துல கோப்பை. மன்சிக்கு அந்த சீசன் 21 கோல்.

அடுத்த சீசன் நடுவுலயே அந்த ஆளை ஜப்பான்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க, அல்பிரெக்ஸ் நிகாட்டா. நீங்கெல்லாம் போனவன் எப்ப வருவான்னு அட்டவணையில தேடறீங்க. எங்களுக்கு அட்டவணையே இல்லீங்க. ஆளு போனான், ரெண்டு வருசத்துல கிளப்பும் ஐ-லீக்ல இருந்து போச்சு. அந்த டிக்கெட் அட்டை மட்டும் பர்ஸுல இருக்கு. மேல இருந்த எழுத்து அழிஞ்சு வெறும் வெள்ளைக் காகிதம் ஆயிருச்சு, எடுத்துக் காட்டினா மளிகைக்கடைச் சீட்டான்னு கேக்கறாங்க.

வியாசர்பாடி பழசு:

சிங்காநல்லூர்க்காரரே, நீங்க சொன்னதுக்கு மேல நான் பேசினா நல்லா இருக்காது. ஒண்ணே ஒண்ணு. சென்னை சிட்டியில ஆடின நம்ம நந்தகுமார், 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை, கொல்கத்தா டெர்பி, அதாவது ஊரோட ரெண்டு பெரிய கிளப்பும் மோதுற ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் சட்டை, மோகன் பகானுக்கு எதிரா ஒரே கோல், 1-0. நாலரை வருஷமா டெர்பி ஜெயிக்காத டீமுக்கு நம்ம ஊர்ப் பையன் ஜெயிச்சுக் கொடுத்தான். அன்னிக்கு அடுத்தவன் சட்டைன்னு எனக்குத் தோணவே இல்லை. உங்க கிளப்பு இல்லாம போயிருக்கலாம், அது வளர்த்துவிட்ட காலு இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

கோயம்புத்தூர் சிங்காநல்லூர்:

அந்த கோலை நானும் பார்த்தனுங்க. நைட்டு ரெண்டு மணி வரைக்கும் திருப்பித் திருப்பி.

பெரம்பூர் நீலம்:

புது சைனிங் பத்தி ஆளாளுக்கு அனுப்புறீங்க, அது அப்புறம். கிளப்பு போட்டோ போடட்டும், பேனாவோட உட்கார்ந்திருக்கிற போட்டோ, அப்போ நம்புறேன். போன தடவை விமான நிலையத்துல நீலச் சட்டை போட்டுக்கிட்டு நின்ன ஒரு வெள்ளைக்காரரைப் புது ஸ்ட்ரைக்கர்னு நினைச்சு செல்ஃபி எடுத்து எல்லாருக்கும் அனுப்பினது நான்தான். அவர் பல் டாக்டர், மகாபலிபுரம் பாக்க வந்தவர்.

மோகன் பகான் இங்கயா அங்கயான்னு முதல்ல யாருக்குத் தெரிஞ்சாலும் உடனே சொல்லிடுங்க, ஆபீஸ்ல லீவு எழுதணும். சட்டையைப் பத்தி ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தீங்க. இருக்கு. இப்போ பையன் போட்டுக்கிறான், முழங்கால் வரைக்கும் வருது. தெருவுல அவனைக் கூப்பிடுறதே "டேய் அப்பா"ன்னுதான்.